மெய்நிகர் உலகம்: பள்ளி, நிலம், ரேகை

'டிஸ்ரப்டிவ் டெக்னாலஜி' என்கிற சொற்சேர்க்கையை இங்கே பலரும் கலகம் என்பதற்குச் சமமாகப் புழங்குகிறார்கள். அது கலகக்காரர்களின் சொல் அல்ல, நிர்வாகவியல்காரர்களின் சொல். ஜோசப் போவரும் கிளேட்டன் கிறிஸ்டென்சனும் 1995இல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரை வழியே பரவியது. மட்டமான, மலிவான சரக்கு ஒன்று, பெரிய கம்பெனிகள் சீந்தாத ஆட்களிடம் முதலில் போகும்; அங்கேயே தேறி, பிறகு மேலேறிப் பழையதைக் கவிழ்க்கும். அவ்வளவுதான் அதன் சாரம். 2008இல் கிறிஸ்டென்சனும் கூட்டாளிகளும் இதைப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தி ஒரு நூல் எழுதினார்கள். 'நுகராதவர்' என்றொரு வகை அதில் முக்கியமாகிறது: ஒரு பாடமோ அதற்கான ஆசிரியரோ கிடைக்கவே கிடைக்காத மாணவர். மாற்றம் அவரிடமிருந்துதான் தொடங்கும் என்பது வாதம்.

மெய்நிகர் உலகங்கள் அப்படித் தொடங்கினவா? கணினி கட்டியெழுப்பும் முப்பரிமாண வெளி. அதில் நமக்கொரு பதிலி உடல். மற்றவர்களும் அதே நேரத்தில் அங்கே உலவுகிறார்கள். நாம் வெளியேறிய பின்னும் அந்த உலகம் நீடிக்கிறது. 2003இல் வந்த 'செகண்ட் லைஃப்' இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். அதில் தீவுகளை வாங்கி வகுப்பு நடத்தியவை பெரும்பாலும் வசதியுள்ள மேலைப் பல்கலைக்கழகங்கள். 2010இல், கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த கட்டணச் சலுகையை நிறுத்தப்போவதாக அதன் உரிமையாளரான லிண்டன் லேப் அறிவித்ததும் பலர் காலிசெய்துகொண்டு போனார்கள். சலுகை 2013இல் திரும்பி வந்தது வேறு விஷயம். நிலம் மாயம், மிராசுதார் நிஜம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இதைக் கீழக்குயில்குடியில் நின்று யோசிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. ஊரை ஒட்டிய சமணர் மலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், ஏறத்தாழ 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அடியில் வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளியின் மாணாக்கர்கள் அவற்றில் வருகிறார்கள். முனிவர் படுத்த இடமும் பள்ளி, படித்த இடமும் பள்ளி. 'மலை இங்ஙனயே நிக்கிது, அத எதுக்குப் பொட்டிக்குள்ள வச்சுப் பாக்கணும்?' என்று ஊரில் யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாறையில் தேய்ந்த எழுத்து உச்சிவெயிலில் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் சரிந்து விழுந்தால்தான் நிழல் விழுந்து துலங்கும். பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களிலிருந்து முப்பரிமாணப் பிரதி ஒன்றைச் செய்துவிட்டால், அந்த வெளிச்சத்தை நாம் இஷ்டப்படி திருப்பலாம். மலையில் நடந்து, திரும்பி வந்து, பிரதியில் எழுத்தைத் தேடி, மறுபடி மலையில் போய்ச் சரிபார்ப்பது: இது கல்வி. மலைக்குப் பதிலாகப் பெட்டி என்பது வெறும் சிக்கனம்.

இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைப் பகுதிக் கள்ளர்கள்மீது முதலில் பாய்ந்தது 1914இல், கீழக்குயில்குடியில். சனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். கைரேகை கொடுக்க மறுத்ததற்காகப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்ததும் இதே காலத்தில்தான். எழுத்தும் கண்காணிப்பும் இங்கே ஒரே வண்டியில் வந்திறங்கின. ஆகவே 'நுகராதவர்' என்கிற சொல்லை இங்கே அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. தரப்படாததை நுகரவில்லை என்று எழுதுவது, தராதவரைக் கணக்கிலிருந்து கழற்றிவிடுகிறது.

இப்போது ரேகைக்கு வருவோம். தலைக்கவசம் மாட்டி மெய்நிகர் உலகத்துக்குள் போகிறவரின் தலையசைவையும் கையசைவையும் கருவி இடையறாது பதிகிறது. பதியாமல் அந்த உலகமே இயங்காது. 2023இல் பெர்க்லி ஆய்வாளர்கள் 55,000க்கும் மேற்பட்டோரின் அசைவுப் பதிவுகளைச் சோதித்தபோது, 100 விநாடிப் பதிவை மட்டும் வைத்து இன்னார் என்று 94 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. மையில்லாத ரேகை இது. உடம்பு மொத்தமும் பெருவிரலாகிவிடுகிறது. ரேகை கொடுக்க மறுத்துச் செத்தவர்களின் வட்டாரத்தில், ஒரு பிள்ளை வகுப்புக்குள் நுழைவதாலேயே ரேகை கொடுத்தாகவேண்டும் என்றால், அது எவரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்பது தொழில்நுட்பப் பயமல்ல, அரசியல் கேள்வி.

வேண்டாம் என்று ஒதுங்குவது என் வாதமல்ல. 'ஓப்பன்சிமுலேட்டர்' 2007 முதல் உண்டு. ஒரு பள்ளி தன் கணினியிலேயே தன் உலகத்தை வைத்துக்கொள்ளலாம், வாடகை வேண்டியதில்லை. 'பிளெண்டர்' இலவசம். சாதாரணக் கணினித் திரையிலேயே நுழையலாம், தலைக்கவசம் கட்டாயமில்லை. ஆக, கேட்கவேண்டியவை மூன்று. உலகத்தைக் கட்டுவது பிள்ளைகளா, கம்பெனியா? அது நிற்கும் நிலம் யாருடையது? அசைவின் பதிவு யார் கையில்? இவற்றுக்கு ஊர் பதில் சொல்ல முடிகிற இடத்தில்தான் எதுவும் கவிழும். மற்ற இடங்களில் பழைய பள்ளிக்கூடம்தான், புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு.