தேசியக் கலைக்கூடம், எழும்பூர்
வடிவமைப்பு: ஹென்றி இர்வின் (1841–1922)

அயர்லாந்தில் பிறந்த இர்வின், சென்னை மாகாண அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். இக்கட்டடம் விக்டோரியா நினைவு மண்டபமாக 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1909இல் திறக்கப்பட்டது. கட்டியவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியார்.

முகப்பின் உயர்ந்த வளைவை நின்று பாருங்கள். ஃபதேபூர் சிக்ரியில் உள்ள புலந்த் தர்வாசா என்னும் முகலாய வாயிலைத் தழுவியது அது. மேலே வரிசையாக நிற்கும் சிறு குவிமாடங்களும் முகலாய மரபைச் சேர்ந்தவை. இளஞ்சிவப்பு மணற்கல்லில் இத்தனை நுணுக்கமாகச் செதுக்கிய கைகள் இந்த அழகில் சம பங்குக்கு உரியவை.

சிம்லா வைஸ்ராய் மாளிகை, மைசூர் அரண்மனை ஆகியவையும் இர்வின் வடிவமைத்தவை. 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்திலும் அவர் பங்கு பெரிது. இறுதிக் காலத்தில் உதகையில் வாழ்ந்து, அங்கேயே காலமானார்.

நூறாண்டு கடந்த மணற்கல் இது. சிற்ப வேலைப்பாடுகளைத் தொடாமல் பார்வையிட வேண்டுகிறோம்.