உங்களுக்குத் தெரியுமா? எடை தூக்குவோரின் தட்டும் ரத்தக் கொழுப்பும்

ஈப்போ ஜிம்களில் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் விழுங்கும் தம்பிகள் இருக்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் அதே தம்பிகள் மாமாக் கடையில் உட்கார்ந்து, “ரொட்டி சானாய் இரண்டு, தே தாரேக் ஒன்று” என்பார்கள். இந்த வாரத் துணுக்குகள் அவர்களுக்கு. அவர்களுக்குச் சமைத்துப் போடும் அம்மாக்களுக்கும்தான்.

● மலேசியாவில் நம் ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 என்றிருந்தால், தமிழ்நாட்டுத் தாளில் அது 200. அளவு ஒன்றுதான், அலகு வேறு. நம் எண்ணை 38.67ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்புக்கு மட்டும் 88.6ஆல் பெருக்க வேண்டும். யூடியூபில் சென்னை டாக்டர் ஒருவர் டிரைகிளிசரைடு 150க்குள் இருக்கட்டும் என்றால், நமக்கு அது 1.7.

● 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 33.3 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. மூன்றில் ஒருவர். வலி கிடையாது, மயக்கம் கிடையாது. ரத்தம் எடுத்தால்தான் தெரியும்.

● பலத்துக்கு நம்மவர்களிடம் பஞ்சமில்லை. ‘ராஜா கிகி’ எனப்படும் ராதாகிருஷ்ணன் வேலு, 2007 ஆகஸ்ட் 30 அன்று கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் 297.1 டன் எடையுள்ள ரயிலைப் பல்லால் கடித்து 2.8 மீட்டர் இழுத்தார். லெட்சுமணா ராமசாமி 1999இல் இங்கிலாந்துக்குப் போய் இரட்டை மாடிப் பேருந்து ஒன்றைத் தலைமுடியால் 30 மீட்டர் இழுத்துக் காட்டினார். பார்த்துக் கைதட்டலாம். ஆனால் யாருடைய தோளையும் பல்லையும் பார்த்து அவர் ரத்தக் குழாயின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

● எடைப் பயிற்சி கொலஸ்ட்ராலைக் குறைக்குமா? குறைக்கும், கொஞ்சம். 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009இல் வெளியான கணக்கில் கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். சராசரியாக நம் அலகில் 0.16 மட்டுமே இறங்கியது. நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம். “அதான் தூக்குகிறேனே, எதையும் சாப்பிடலாம்” என்பது செல்லாது.

● ஒரு பெரிய முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், முழுவதும் மஞ்சள் கருவில். ஆனால் நாம் தின்பதைவிட அதிகமான கொலஸ்ட்ராலை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து கூடுதலாக வந்தால் பெரும்பாலானோரின் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துவிடும். 1991இல் ‘நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு விசித்திரமான கட்டுரை வந்தது. தினமும் 25 முட்டை சாப்பிட்டுவந்த 88 வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில்தான் இருந்தது. அவருடைய குடல் உணவிலிருந்த கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சவில்லை. உறிஞ்சியதையும் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது, சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் காட்டி முட்டையை அடுக்கக்கூடாது. இருந்தாலும், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான் என்ற பழைய உச்சவரம்பை 2015–2020க்கான அமெரிக்க உணவு வழிகாட்டியே கைவிட்டுவிட்டது.

● முட்டையை விடுங்கள், பக்கத்துத் தட்டைப் பாருங்கள். கோப்பிக் கடைக் காலை உணவில் அரைவேக்காட்டு முட்டையோடு வருவது காயா தடவிய ரொட்டி. காயா என்பது தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும். நடுவில் ஒரு வில்லை வெண்ணெய். எல்.டி.எல்.லை ஏற்றுவதில் வெண்ணெய்க்கும் தேங்காய்ப்பாலுக்கும் பங்குண்டு. டிரைகிளிசரைடை ஏற்றுவதில் வெள்ளை ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் பங்குண்டு. பழி மட்டும் முட்டைக்கு.

● எல்.டி.எல். ஏறுவது எப்படி? கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. வெண்ணெய், நெய், தேங்காய், செம்பனை ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது, எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றுகிறது. தேங்காயில் கொலஸ்ட்ரால் துளிகூட இல்லை என்பது உண்மை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதும் உண்மை. தைப்பூசத்துக்காக வாரக்கணக்கில் சைவம் இருந்தும் எல்.டி.எல். இறங்கவில்லையே என்பவர்கள் இந்த இரண்டாவது உண்மையைக் கவனிக்கலாம்.

● கொழுப்பைக் குறை என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று சொல்லாமல் விட்டார்கள். நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் இருவரும் 1992இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டியது இதைத்தான். நெய்யை எடுத்துவிட்டு வெள்ளைச் சோற்றை வைத்தால் எல்.டி.எல். இறங்கும், கூடவே எச்.டி.எல்.லும் இறங்கும், டிரைகிளிசரைடு ஏறும். நெய்யை எடுத்துவிட்டு நல்லெண்ணெய், கடலை, மீன் போன்றவற்றின் நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் எல்.டி.எல். இறங்கும், மற்றவை கெடாது. மொத்தத் துணுக்கிலும் ஒன்றை மட்டும் வெட்டி ஒட்டிவைப்பதென்றால் இதை வையுங்கள்.

● நம் இனத்துக்கு இது ஏன் முக்கியம்? தமிழ்நாடு உட்பட இந்தியாவின் நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வு 2014இல் வெளியானபோது, மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் 13.9 விழுக்காடுதான். எச்.டி.எல். குறைந்தவர்களோ 72.3 விழுக்காடு! டிரைகிளிசரைடு மிகுந்தவர்கள் 29.5. சென்னையில் நடந்த இன்னோர் ஆய்வில், தீட்டிய அரிசி போன்ற தானியங்களை அதிகம் உண்டவர்களிடம் டிரைகிளிசரைடு கூடியும் எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. நம்மவர்களுக்கு இடி நெய்ப் பக்கத்திலிருந்து மட்டுமல்ல, சோற்றுப் பக்கத்திலிருந்தும் வருகிறது.

● பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளும் சோற்றைத்தான் குவித்து உண்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அதுவும் இல்லாமல் மரவள்ளிக் கிழங்கு. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், ஆளுக்கு நானூறு ஐந்நூறு பால்மரம் சீவி, மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்து இறங்கினார்கள். தின்ற மாவுச்சத்து தசையில் எரிந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்தார்கள். வேலை நாற்காலிக்கு மாறியது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

● ஜிம்முக்குப் போகிறவர் இங்கே குறுக்கிட்டு, “எனக்கு மாவுச்சத்து வேண்டாமா?” என்பார். வேண்டும்தான். கனமான பயிற்சிக்குத் தசையில் சேர்த்துவைத்த கிளைகோஜன்தான் எரிபொருள். ஆனால் தசையெங்கும் சேர்த்தாலும் அது சராசரியாக 400 கிராம் அளவுதான். ஒரு முறை எடை தூக்கும் பயிற்சியில், வேலை செய்த தசையின் சேமிப்பில் 24 முதல் 40 விழுக்காடு வரை கரைவதாக அளந்திருக்கிறார்கள். மாரத்தான் ஓடியவர்போல் யாருக்கும் தசை காலியாவதில்லை. நிரம்பிய பிறகும் வந்து குவியும் சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக்கி டிரைகிளிசரைடாக ரத்தத்தில் ஏற்றிவிடுகிறது. டிரைகிளிசரைடு மிகுந்தால் எச்.டி.எல். குறையும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்துபோகும்.

● ‘மாஸ் கெய்னர்’ டின்னின் பின்புறத்தைப் படித்திருக்கிறீர்களா? பலவற்றில் முதலிடம் புரதத்துக்கு அல்ல, மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு. அதாவது உடனே கரையும் மாவுச்சத்து. அந்த விலைக்குக் கோழியும் கொண்டைக்கடலையும் வாங்கலாம்.

● தே தாரேக்கில் ஊற்றும் இனிப்பு டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. இங்கே விற்கும் ‘கிரீமர்’ வகைகளில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் செம்பனை எண்ணெய். ஈப்போ வெள்ளைக் கோப்பியின் கொட்டையை வறுப்பதும் செம்பனை மார்ஜரினில்தான். ஒரு நற்செய்தி: வடிகட்டாத கோப்பியில் எல்.டி.எல்.லை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற பொருள் உண்டு; துணிப்பையில் வடிகட்டும் நம் கோப்பிக் கடை முறையில் அது மிகக் குறைவாகவே இறங்குவதாகச் சிங்கப்பூர் ஆய்வு ஒன்று 2011இல் கண்டது.

● செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் சுமார் 15 விழுக்காடு. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடைகளில் எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்களின் கைவண்ணம் இன்றும் மணக்கிறது. முறுக்கு, பக்கோடா, ஓமப்பொடி எல்லாம் மாவும் எண்ணெயும் கூடிய கூட்டணி. சுவைக்குக் குறையில்லை, அளவாகத் தின்னலாம். பயிற்சிக்குப் பிறகு தினமும் ஏதாவது கொறித்தே ஆகவேண்டுமென்றால் அவித்த கடலை மேல். நாளைக்கு 130 கிராம் வெந்த பருப்பு, பயறு வகைகள் சேர்த்தால் எல்.டி.எல். சுமார் 5 விழுக்காடு இறங்குவதாக 2014இல் கனடாவில் வெளியான தொகுப்பு சொல்கிறது. சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினாலே பாதி வேலை ஆயிற்று.

● ஜப்பானின் சுமோ மல்லர்கள் சோறும் ‘சாங்கோ’ என்னும் குழம்புமாக மலைபோல் உண்கிறார்கள். பயிற்சியில் இருக்கும்வரை அவர்களின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் சேர்கிறது, குடலைச் சுற்றி அல்ல; அதனால் டிரைகிளிசரைடும் அவ்வளவாகக் கெடுவதில்லை. பயிற்சியை நிறுத்தியபின் தொல்லை தொடங்குகிறது. போட்டியை விட்டுவிட்டுப் பழைய சாப்பாட்டை விடாத நம்மூர் அண்ணன்களுக்கும் இது பொருந்தும்.

● சரி, சோற்றை அறவே விட்டு, மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பையே நம்பும் கீட்டோ உணவுமுறைக்குப் போனால்? டிரைகிளிசரைடு நன்றாக இறங்கும், எச்.டி.எல். ஏறும். ஆனால் உடம்பில் கொழுப்பு மிகக் குறைந்த, கடுமையாகப் பயிற்சி செய்யும் சிலருக்கு எல்.டி.எல். கண்டபடி எகிறுகிறது. நிக் நோர்விட்ஸ் என்ற ஆய்வாளர் தன் உடம்பிலேயே சோதித்து 2024இல் வெளியிட்டார். கீட்டோவில் அவருடைய எல்.டி.எல். 384, நம் கணக்கில் 9.9! அதே கீட்டோவோடு தினமும் 12 ஓரியோ பிஸ்கட்டைச் சேர்த்து 16 நாள் சாப்பிட்டார். எல்.டி.எல். 111க்கு விழுந்தது. பிறகு கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆறு வாரம் போட்டும் 421லிருந்து 284க்குத்தான் வந்தது. உடனே பிஸ்கட் வாங்க ஓடாதீர்கள். ஒரே ஒரு ஆள் மேல் நடந்த சோதனை, அவரே அது மருத்துவம் அல்ல என்கிறார். ஒல்லியான தசைக்காரர் மாவுச்சத்தை முழுக்க அறுத்தால் கல்லீரல் கொழுப்பைச் சுமந்து அனுப்பும் வேகம் மாறுகிறது என்பதற்கு அது சாட்சி. கீட்டோ தொடங்குகிறவர் மூன்று மாதத்தில் ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும்.

● கொழுப்பை அடியோடு வெட்டுவதும் ஆகாது. டெஸ்டோஸ்டிரோனின் மூலப்பொருளே கொலஸ்ட்ரால்தான். கொழுப்பு குறைந்த உணவில் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு சரிந்ததாக 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

● இனிச் சொல்வது கசப்பானது. உணவு செய்வதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஒன்று உண்டு: தசை வளர்க்கப் போடும் ஸ்டீராய்டு. 1989இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பளுதூக்கும் 11 ஆண்களுக்கு ஸ்டானோசோலால் மாத்திரையை நாளுக்கு வெறும் 6 மில்லிகிராம் வீதம் ஆறு வாரம் கொடுத்தார்கள். எச்.டி.எல். 33 விழுக்காடு இறங்கியது, எல்.டி.எல். 29 விழுக்காடு ஏறியது. ஜிம் மூலையில் கைமாறும் மாத்திரைகளின் அளவு இதைப்போல் பல மடங்கு. “ஓட்ஸ் சாப்பிட்டுச் சரிக்கட்டிவிடுவேன்” என்கிறவரைப் பார்த்துச் சிரிக்கத்தான் முடியும். தினம் மூன்று கிராம் பீட்டா குளுக்கான் நார்ச்சத்து கிடைக்குமளவு ஓட்ஸ் உண்டாலும் எல்.டி.எல். சில விழுக்காடு இறங்கினால் பெரிது. மாத்திரையை நிறுத்திய பிறகும் எச்.டி.எல். பழைய நிலைக்கு வர வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

● சால்மன் வாங்கக் கட்டுப்படியாகவில்லையா? ஈப்போ பசாரில் கெம்போங் மீன் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கானாங்கெளுத்தி இனம்தான். அதன் ஒமேகா 3 கொழுப்பு டிரைகிளிசரைடுக்குப் பகை. பொரிக்காமல் குழம்பு வைத்தால் முழுப் பயன்.

● ரத்தம் கொடுக்கப் போகுமுன்: பல தாள்களில் எல்.டி.எல். நேரடியாக அளந்தது அல்ல, மற்ற மூன்று எண்களிலிருந்து கணக்குப் போட்டது. டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு நம்பகமில்லை. முதல் நாள் மதுவோ கள்ளோ குடித்திருந்தாலும் டிரைகிளிசரைடு ஏறிக் காட்டும். கனமாகக் கால் பயிற்சி செய்த மறுநாள் கொடுத்தால் கல்லீரல் நொதிகளும் தசை நொதியும் ஏறியிருக்கும். கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று டாக்டர் வீணாகக் கவலைப்படுவார். சில நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள், பயிற்சி செய்வதையும் சொல்லிவிடுங்கள்.

● கடைசியாக ஒன்று. சாப்பாடு ஒழுங்கு, பயிற்சி ஒழுங்கு, மருந்து மாத்திரை எதுவும் இல்லை, இருந்தும் எல்.டி.எல். 4.9க்கு மேல் என்றால் அது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. இதைச் சோற்றைக் குறைத்தோ எண்ணெயை மாற்றியோ சமாளிக்க முடியாது, மருந்து தேவைப்படும். வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், பளு தூக்குகிற தம்பியை மட்டுமல்ல, அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாரையும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.