ஐந்து சென்ரிமீற்றர்

அபுதாபியின் யாஸ் தீவிலுள்ள பெராரி வேர்ல்டில், 'போர்முலா ரோசா' என்னும் ரோலர் கோஸ்டருக்கு ஏறும் வாயிலில் ஓர் அளவுக் கம்பு நிற்கிறது. என் தம்பி அதனருகே போய் நிமிர்ந்து நின்றான். கழுத்தை நீட்டினான். சப்பாத்துக்குள்ளே குதிகாலை மெல்ல உயர்த்தினான். கடமையில் நின்ற பெண் சிரித்தபடியே அவன் தோளில் கைவைத்து அழுத்தினார். ஐந்து சென்ரிமீற்றர் குறைவு.

வாப்பா அந்த நாட்டில் ஏழு வருடங்களாக வேலை செய்கிறார். பாடசாலை விடுமுறைக்கு நாங்கள் போயிருந்தபோது, எங்களுக்காக ஒரு நாள் லீவு எடுத்து, ரிக்கட்டும் வாங்கி அழைத்து வந்திருந்தார். அவருக்குத் தெரிந்த அரபு, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றையும் கலந்து கெஞ்சிப் பார்த்தார். "அஞ்சு சென்ரிமீற்றர்தானே, நான் பக்கத்தில இருந்து புடிச்சிக்கிறன்" என்பதுதான் அதன் சாரம். அந்தப் பெண் சிரிப்பையும் மாற்றவில்லை, பதிலையும் மாற்றவில்லை. "உடுங்க, அவன் வளரட்டும்" என்றார் உம்மா. வாப்பா என் பக்கம் திரும்பி, "நீயாவது நல்ல இங்கிலீஷில ஒருக்காச் சொல்லிப் பாரு மகள்" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குப் பெரிய நிம்மதி. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்த அளவுக் கம்பிலுள்ள கோடு ஏன் அந்த இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பது விளங்க, இந்த வண்டிகள் எப்படி ஓடுகின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். ரோலர் கோஸ்டர் பற்றிக் கிடைப்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குண்டு. வகுப்பில் இதற்காகப் பட்டப்பெயரும் வாங்கியிருக்கிறேன்.

சாதாரண ரோலர் கோஸ்டர் வண்டியில் எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி அதை முதலாவது மேட்டின் உச்சிவரை இழுத்துச் செல்லும். அங்கே சங்கிலி விட்டுவிடும். அதன்பிறகு நடப்பதெல்லாம் நாம் பௌதிகவியலில் படிக்கும் அழுத்த சக்தி இயக்க சக்தியாக மாறும் கதைதான். உராய்வும் காற்றும் கொஞ்சங் கொஞ்சமாகச் சக்தியைத் தின்றுவிடுவதால், அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டை விடப் பதிவாகவே இருக்க வேண்டும். மேலேறும்போது 'கடக் கடக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, பலர் அதைக் கேட்டுத்தான் பயப்படுவார்கள். உண்மையில் சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாதபடி, படிப்படியான பற்களில் ஒரு கொளுக்கி விழுந்துகொண்டு போகும் சத்தம் அது. பயமுறுத்தும் அந்தச் சத்தம்தான் எங்களைக் காப்பாற்றுகிறது.

இதன் தொடக்கம் ரஷ்யாவின் பனிச்சறுக்கு மேடுகள் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ரோலர் கோஸ்டரை இன்றும் 'ரஷ்ய மலைகள்' என்றே அழைக்கிறார்கள். ரஷ்யர்களோ அதை 'அமெரிக்க மலைகள்' என்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவில் 1884ஆம் ஆண்டு, நியூயோர்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் லாமார்கஸ் தொம்சன் என்பவர் ஒரு சறுக்கு ரயிலைத் திறந்தார். கட்டணம் 5 சதம். வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். எங்கள் ஊரில் துவிச்சக்கர வண்டியில் போகும் மாஸ்டர்மார் அதை முந்திவிடுவார்கள். ஆனாலும் சனம் வரிசையில் நின்றது.

பிறகு வந்தவர்களுக்கு ஆசை கூடியது. 1895இல் அதே கோனி ஐலண்டில் வண்டியைத் தலைகீழாகச் சுற்றவைக்கும் வளையம் ஒன்றைக் கட்டினார்கள். அந்த வளையம் சரியான வட்டம். பிழை அங்கேதான் இருந்தது. வட்ட வளையத்தின் உச்சியில் தண்டவாளத்தை விட்டு விழாமல் கடக்கத் தேவையான ஆகக் குறைந்த வேகத்தோடு ஒரு வண்டி வருகிறது என்று வைத்துக்கொண்டு, கீழே அதன் நிலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், வளையத்துக்குள் நுழையும் கணத்தில் ஆசனம் ஒருவரை அவரது நிறையின் ஆறு மடங்கு விசையால் மேலே தள்ளும். 50 கிலோகிராம் பிள்ளை ஒரு நொடியில் 300 கிலோகிராம் ஆகிவிட்டதுபோல உணரும். அதுவும் படிப்படியாக அல்ல, சடுதியாக. கழுத்து என்ன ஆகும்? ஏறியவர்கள் கழுத்து வலியோடு இறங்கினார்கள். அந்த வண்டி நீண்ட காலம் ஓடவில்லை.

இதற்கு விடை கிடைக்க எண்பது வருடங்கள் எடுத்தன. 1976இல் கலிபோர்னியாவின் மெஜிக் மவுண்டன் பூங்காவில், ஜேர்மனியரான அன்ரன் ஷ்வார்ஸ்கொப்ப் கட்டிய 'ரெவலூஷன்' ஓடத் தொடங்கியது. அதன் வளையத்தைக் கணித்தவர் வேர்னர் ஷ்டெங்கல் என்ற பொறியியலாளர். அவருடைய வளையம் வட்டமல்ல, தலைகீழாகத் தொங்கும் நீர்த்துளியின் வடிவம். வேகம் கூடிய அடிப்பக்கத்தில் வளைவு அகலம். வேகம் குறைந்த உச்சியில் ஒடுக்கம். விசை மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இன்று உலகில் எந்தப் பூங்காவின் படத்தைப் பார்த்தாலும் வளையங்கள் பெரும்பாலும் இந்த வடிவத்திலேயே இருக்கும். பார்க்காதவர்கள் இனிப் பார்க்கும்போது கவனியுங்கள்.

தலைகீழாகும்போது வண்டி ஏன் கழன்று விழுவதில்லை என்று உம்மும்மா கேட்டார். வண்டிக்கு மூன்று வகைச் சில்லுகள் உண்டு: தண்டவாளத்தின் மேலே ஓடுபவை, பக்கத்தில் உரசி ஓடுபவை, கீழேயிருந்து கவ்விக்கொண்டு ஓடுபவை. மூன்றுமாகச் சேர்ந்து தண்டவாளத்தை ஒரு கைப்பிடிபோலப் பிடித்திருக்கின்றன. வண்டி கழலாது. கழலக்கூடியது உள்ளேயிருக்கும் மனிதன்தான்.

இனி போர்முலா ரோசாவுக்கு வருகிறேன். தம்பியும் உம்மாவும் கீழே நிற்க, நானும் வாப்பாவும் ஏறினோம். ஏறும் முன் ஸ்கார்பின் நுனிகளை அபாயாவுக்குள்ளே செருகச் சொன்னார்கள். ஊசிகளை நான் வீட்டிலேயே கழற்றிவிட்டு, உள்ளே போடும் தொப்பி ஸ்கார்ப்பைத்தான் அணிந்திருந்தேன். வேகமாக ஓடும் எதிலும் தொங்கும் துணி கூடாது. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, கழுத்திலிருந்த நீண்ட சால்வை காரின் சில்லில் சிக்கியதால்தான். நம் பிள்ளைகள் கோ-கார்ட் ஓட்டப் போகும்போது உம்மாமார் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கண்ணுக்குக் கண்ணாடியும் தந்தார்கள். வண்டி கட்டடத்துக்கு வெளியே திறந்த வெளியில் ஓடுவதால், அந்த வேகத்தில் ஒரு மணல் துணிக்கையோ பூச்சியோ பட்டாலும் கண் போய்விடும். இதில் சங்கிலி கிடையாது. நீரியல் அழுத்தத்தால் இயங்கும் பொறியொன்று வண்டியைச் சுண்டி எறிகிறது. ஐந்து செக்கனுக்குள் மணிக்கு 240 கிலோமீற்றர். சராசரி ஆர்முடுகலைக் கணக்கிட்டால் புவியீர்ப்பு ஆர்முடுகலை விடக் கூடுதலாக வரும். அதாவது கிணற்றுக்குள் விழுவதை விட விரைவாக, முன்னால் விழுகிறோம். எனக்கு அப்போது கணக்கெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கலிமாதான் வந்தது. வாப்பா என் கையைப் பிடித்தாரா, நான் அவர் கையைப் பிடித்தேனா என்று இன்னும் எங்களுக்குள் வழக்கு உண்டு.

ஆனால் உண்மையைச் சொன்னால், அதே பூங்காவிலுள்ள 'பிளையிங் ஏசஸ்' எனக்கு இன்னும் பிடித்திருந்தது. வேகம் 120 கிலோமீற்றர், மற்றதில் பாதி. ஆனால் மேடுகளின் உச்சியைக் கடக்கும்போது உடம்பு ஆசனத்திலிருந்து எழும்பும் கணங்கள் இதில் உண்டு. வண்டியைத் தண்டவாளம் கீழே வளைத்து இழுக்கிறது; நம் உடம்போ சடத்துவத்தால் மேலேயே போகப் பார்க்கிறது. அந்த ஒரு நொடி, நிறையே இல்லாதது போலிருக்கும். ரோலர் கோஸ்டர் பிரியர்கள் தேடி அலைவது இந்த நொடியைத்தான், வேகத்தை அல்ல. அந்த நொடியில் நம்மை வைத்திருப்பது மடியின் மேல் அழுத்தி நிற்கும் சட்டம் மட்டுமே.

அந்தச் சட்டம்தான் தம்பியின் ஐந்து சென்ரிமீற்றருக்குக் காரணம். சட்டம் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் இறுகி நிற்க வேண்டும். முதுகு சாய்மானத்தில் பட வேண்டும். தலையும் தோளும் அதற்கென வடிவமைத்த இடத்தில் வர வேண்டும். பிள்ளையின் தொடை நீளத்தையும் இடுப்பு அகலத்தையும் வாயிலில் வைத்து அளக்க முடியாது. ஆகவே இவற்றுக்கெல்லாம் பதிலாக உயரத்தை அளக்கிறார்கள். வயதைக் கேட்பதில்லை, தைரியத்தைக் கேட்பதில்லை. பக்கத்தில் வாப்பா இருக்கிறாரா என்பதும் கணக்கில் இல்லை. அந்த விசையில் எந்த வாப்பாவின் கையாலும் பிடித்து வைத்திருக்க முடியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

சென்ற வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் கார்னிவல் போட்டார்கள். முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் பெரிய கப்பல் ஒன்று இருந்தது. அளவுக் கம்பு எதுவும் இல்லை. காசைக் கொடுத்தால் ஏறலாம். ஒரு வரிசைக்கு ஒரே நீட்டுக் கம்பி. பெண்கள் வரிசையின் நடுவில் தம்பி, ஒரு பக்கம் நான், மறுபக்கம் உடம்பு கொஞ்சம் பெரிய ஒரு பெரியம்மா. கம்பி அவருடைய மடியில் முட்டியதோடு நின்றுவிட்டது. தம்பியின் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தேங்காயை வைக்கலாம். நான் அதைக் கண்டேன். இறங்குவோம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கப்பல் உயர்ந்து திரும்பிய நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தம்பி ஆசனத்தை விட்டு எழும்பினான். சிரித்துக்கொண்டே எழும்பினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அவனுடைய சேர்ட்டைப் பிடித்தேன். புதுப் பெருநாள் சேர்ட்டின் இரண்டு பொத்தான்கள் தெறித்தன. அதன் பிறகு கப்பல் நிற்கும்வரை அவனைக் காலால் அணைத்துக்கொண்டிருந்தேன். பொத்தான் எங்கே என்று உம்மா கேட்டபோது, விளையாடும்போது அறுந்தது என்றோம்.

பெரிய பூங்காக்களில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் அல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்றொரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. 14 முறை தலைகீழாகும். அதில் அதற்கு உலக சாதனை. 2015 ஜூன் 2ஆம் திகதி, ஆட்களில்லாத பரிசோதனை வண்டியொன்று பாதையின் நடுவே சிக்கி நின்றது. இப்படிப்பட்ட பாதைகளைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னது விலகும்வரை பின்னதைக் கணினி நிறுத்திவைக்கும். அன்றும் கணினி 16 பேர் இருந்த வண்டியை ஒழுங்காக நிறுத்தியது. முன்னே வண்டி நிற்பதை அறியாத தொழினுட்பவியலாளர்கள் கணினியில்தான் பிழை என்று எண்ணி, அதன் தடையை மீறி வண்டியை அனுப்பிவிட்டார்கள். ஐந்து பேர் படுகாயமடைந்தார்கள். இரண்டு இளம் பெண்கள் ஒவ்வொரு காலை இழந்தார்கள். அதை நடத்திய நிறுவனத்துக்கு நீதிமன்றம் 50 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. வண்டியிலோ பாதையிலோ பழுதில்லை. 'போகாதே' என்று சொன்ன ஒன்றை மனிதர்கள் நம்பவில்லை.

இப்போது இந்தத் துறையில் உயரப் போட்டிதான் பெரிய செய்தி. நியூ ஜேர்சியில் 139 மீற்றர் உயரத்தோடு 2005 முதல் நின்ற 'கிங்டா கா' 2025 பெப்ரவரியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் வண்டி சில நாட்களில் உச்சியைத் தாண்டும் வேகமின்றிப் பின்னோக்கி உருண்டு வரும். வந்தாலும் பயமில்லை, பாதையிலே காந்தத் தடுப்புகள் காத்திருக்கும். காந்தங்களுக்கிடையே உலோகத் தகடு ஓடும்போது அதற்குள் சுழலும் மின்னோட்டமே வேகத்தை அடக்கிவிடும். மின்சாரம் நின்றாலும் இந்தத் தடுப்பு வேலை செய்யும். எனக்கு அந்த 139 மீற்றரை விட இந்தத் தடுப்புத்தான் அதிசயம். ரியாத்துக்கு அருகே கித்தியாவில் எழுந்துள்ள 'பல்கன்ஸ் பிளைட்' 195 மீற்றர் உயரம், மணிக்கு 250 கிலோமீற்றர் என்று எல்லாரையும் முந்திவிட்டது. போர்முலா ரோசாவை விடப் பத்துக் கிலோமீற்றர்தான் கூட. அந்தப் பத்தை எந்தப் பிள்ளையால் உணர முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. அதே யாஸ் தீவில் டிஸ்னி பூங்காவும் வரப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். வாப்பாவின் லீவுக் கணக்கு இப்போதே தொடங்கிவிட்டது.

அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போது தம்பி தூங்கிவிட்டான். நான் வாப்பாவிடம் கார்னிவல் கப்பல் கதையைச் சொன்னேன். பொத்தான்களைப் பற்றியும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தக் கையால புடிச்ச?" என்று கேட்டார். வலக்கை என்றேன். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. மைதானத்தில் கம்பங்கள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். தம்பி கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளக்கிறான். இரண்டு சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கிறானாம். கப்பலில் ஏறலாமா என்று என்னைக் கேட்கிறான். ஆளுக்கொரு கம்பியா, வரிசைக்கொரு கம்பியா என்று முதலில் போய்ப் பார்த்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.