பழைய மரச்சாமான்களும் நமது வீடும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஊரில் பெரியவர்கள் காலமாகி, பூர்வீக வீட்டை விற்கும்போது அங்குள்ள கட்டில், அலமாரி, பத்தாயம், சாய்வு நாற்காலி இவற்றை என்ன செய்வது? பிள்ளைகள் "யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறார்கள். பழைய சாமான் வாங்குபவரோ மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்லி, வண்டியோடு வாசலில் நிற்கிறார். அரை நாளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இருப்புப் பாதைப் பராமரிப்பில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, ஒக்கலிபுரத்தில் இருபதுக்கு முப்பது மனையில் கட்டிய வீட்டில் வசிப்பவன் நான். எனக்கு அனுபவத்தில் தெரிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் நம் கர்நாடகத்திலேயே இருந்தார். மணிப்பாலைச் சேர்ந்த விஜயநாத் ஷெணாய், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்கள், கதவுகள், உத்தரங்களைச் சேகரித்து, அவற்றைக் கொண்டே தமக்கு 'ஹஸ்த சில்பா' என்ற வீட்டைக் கட்டினார். பின்னர் முழு வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மணிப்பாலில் பாரம்பரியக் கிராமத்தை உருவாக்கினார். அவர் 2017இல் காலமானார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் செட்டிநாட்டு வீடு ஒன்றை இப்படிப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

நம்மிடம் அவ்வளவு இடமும் இல்லை, வசதியும் இல்லை. ஆகவே எந்தப் பொருளையும் மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும். மரம் நல்ல நிலையில் இருக்கிறதா? நம் வீட்டில் நுழையுமா? தினமும் ஏதாவது ஒரு வேலைக்குப் பயன்படுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் எடுத்து வாருங்கள்.

மரத்தைச் சோதிக்கும் முறை

தேக்கு என்றாலே பூச்சி அரிக்காது என்பது பாதி உண்மைதான். நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் எளிதில் தொடாது. வெளிப்புறத்து வெளிறு அப்படியல்ல. பொருளைக் கவிழ்த்து, கால்களின் அடியையும் பின்பலகையையும் பாருங்கள். ஊசித் துளைகளுக்குக் கீழே மாவு போன்ற புதுத் தூள் உதிர்ந்திருந்தால், வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மரங்களுக்கும் பரவும். துளை இருந்தும் தூள் இல்லையென்றால் பெரும்பாலும் பழைய சேதமாகவே இருக்கும்.

பழைய தச்சர்கள் ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, மரஆணி அடித்து இணைத்தார்கள். இத்தகைய இணைப்பு ஆடுகிறது என்பதற்காகப் பொருளையே தள்ளிவிட வேண்டாம். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி இறுக்கலாம். ஒட்டுப்பலகைச் சாமான்களில் இது சாத்தியமில்லை. ஈரம் பட்டு உப்பினால் அத்துடன் சரி.

அளவு எடுத்தல்

லாரியில் ஏற்றும் முன்பே வீட்டு வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், அறையின் நீள அகலம் இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய அலமாரிகளில் பல, கழற்றிப் பூட்டும்படி செய்யப்பட்டவை. கழற்றும்போது ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் எண் இடுங்கள். அறையில் பெரிய பழம்பொருள் ஒன்று இருந்தால் போதும். மூன்று நான்கு சேர்ந்தால் வீடு கிடங்கு போலாகிவிடும். வீட்டுப் பெண்கள்தான் தூசி தட்டி அவதிப்படுவார்கள்.

உடல்நலம் பற்றிய எச்சரிக்கை

முதலாவது, பெயிண்ட். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எங்கள் குடும்பத் தொட்டிலில் மூன்று தலைமுறையின் பச்சை பெயிண்ட் அடுக்கடுக்காக இருந்தது. பேரன் பிறந்ததும் அதில்தான் போட வேண்டும் என்று பெரியவர்கள் ஆசைப்பட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை. சிலருக்கு அது மனவருத்தம்தான். ஆனாலும் குழந்தை தொட்டிற்கம்பியைக் கடிக்கும் வயதில் சென்டிமென்டுக்கு இடமில்லை. இன்று அந்தத் தொட்டில் மொட்டை மாடியறையில் பத்திரமாக இருக்கிறது. பழைய பெயிண்டை உலர்ந்த உப்புக்காகிதத்தால் தேய்க்கவே கூடாது. நீர்க்காகிதத்தை நனைத்து, முகமூடி அணிந்து, குழந்தைகள் இல்லாத திறந்த இடத்தில் தேய்க்க வேண்டும்.

இரண்டாவது, என் துறை சம்பந்தப்பட்டது. ரயில் பாதையின் பழைய மர ஸ்லீப்பர்களில் மேசை, பெஞ்சு செய்வது இப்போது ஒரு நாகரிகமாகியிருக்கிறது. 1992இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் மீட்டர் கேஜ் பாதைகள் அகலப்படுத்தப்பட்டபோது பழைய ஸ்லீப்பர்கள் நிறைய வெளியே வந்தன. தேக்கு, சால் போன்ற கெட்டி மரங்களை மருந்து ஏற்றாமலே பயன்படுத்தினோம். பைன், தேவதாரு போன்றவற்றில் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட் எண்ணெயை அழுத்தி ஏற்றினோம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. கறுத்து, வெயிலில் தார் வாடை அடித்தால் அந்தக் கட்டை வீட்டுக்குள் வேண்டாம். அதை எரிக்கவும் கூடாது.

மெருகேற்றுதல்

பழைய சாமான்களில் பளபளப்பது பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு. மறைவான மூலையில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகுதான். முழுவதும் சுரண்டாமல் அதன் மேலேயே புது மெருகு கொடுக்கலாம். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு இது ஏற்றதல்ல. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடக் கூடாது. அந்த எண்ணெய் உலரும்போது வெப்பம் உண்டாகி, துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். பிரம்பு நாற்காலியின் பின்னல் தொய்ந்திருந்தால், அறுபடாதவரை, அடிப்பக்கத்திலிருந்து வெந்நீரால் நனைத்து உலரவிடுங்கள், ஓரளவு இறுகிவிடும்.

பரம்பரைப் பொருள் இல்லாதவர்கள்

இவர்களுக்கும் வழி உண்டு. 1898 பிளேக் நோய்க்குப் பின் வளர்ந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளில் பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டே இருக்கின்றன. இடிக்கும் இடத்து மேஸ்திரியிடம் கேட்டால் ஜன்னல் சட்டம், கதவு, உத்தரம் கிடைக்கும். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் சாமான்களைப் பார்க்கலாம். வாங்கிய உத்தரத்தை அறுக்கும் முன் காந்தத்தை ஓடவிட்டு ஆணிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரம்பத்தின் பல் போய்விடும்.

பங்கிட முடியாததைப் பங்கிடுதல்

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டை 2011இல் விற்றோம். விற்ற பணத்தால் உடன்பிறந்தோர் நால்வருக்குள்ளும் சிறிது மனத்தாங்கல் இருந்தது. எல்லோரும் ஆசைப்பட்டது பத்தாயத்தின் மேல். அதை வைக்க ஒருவர் வீட்டிலும் இடமில்லை. பலகைகளைக் கழற்றி நான்காகப் பிரித்துக்கொண்டோம். அக்கா வீட்டில் அது ஊஞ்சல் பலகை. தம்பி வீட்டில் பூஜை அலமாரி. தங்கை வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மேசை. எங்கள் வீட்டில் நாலரை அடி பெஞ்சு. மூடியைத் தூக்கினால் உள்ளே அரிசி மூட்டையும் போர்வைகளும் இருக்கும். பத்தாயத்தை உடைக்கிறோமே என்று தயங்கியபடி அம்மாவிடம் சொன்னபோது, "அடுப்புக்குப் போகாம இருந்தா சரிடா, தானியம் வெச்ச மரம் அது" என்றார்கள். பணத்தைப் பற்றி இன்றும் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் பலகைக்கு மெருகு கொடுத்தால் ஒருவருக்கொருவர் போன் செய்து சொல்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பொருளின் பின்புறத்திலும் அது யாருடையது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு வந்தது என்று நாலு வரி எழுதி ஒட்டிவையுங்கள். தமிழில் எழுதுங்கள், கன்னடப் பள்ளியிலோ ஆங்கிலப் பள்ளியிலோ படிக்கும் பேரப்பிள்ளைகள் அதைப் படித்துக் காட்டச் சொல்லி உங்களிடம் வருவார்கள். மரம் நூறாண்டு நிற்கும். அது யாருடையது என்ற விவரம் நாம் எழுதி வைத்தால்தான் நிற்கும்.