கீமோ நாட்களில் கார் வாங்கலாமா?

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "அம்மாவை இனிமேல் பஸ்ஸில் அலைக்கழிக்க முடியாது, ஒரு கார் எடுத்துவிடலாம்" என்று பிள்ளைகள் பேசுவது இயல்பு. பாசத்தில் பிறக்கும் பேச்சு அது. கீமோ ஏற்றிய இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். நெரிசலான பேருந்தில் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். ஆனாலும் அதற்காகக் கடன் வாங்கிக் கார் எடுக்காதீர்கள் என்றே சொல்வேன்.

போக வேண்டிய நாட்களை முதலில் எண்ணுங்கள். பல கீமோ மருந்துகள் 21 நாட்களுக்கு ஒருமுறைதான் ஏற்றப்படுகின்றன. இடையில் வரும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தாலும் வாடகைக் கார் கட்டுப்படியாகும். கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வேறு. பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள். அதற்குத் தொலைவிலிருந்து தினமும் காரில் வந்து போவதைவிட மருத்துவமனை அருகே தங்குவது உடம்புக்கு நல்லது.

6 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 12,750 ரூபாய். வேலைக்குப் போக முடியாத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் பலர் யோசிக்காத இழப்பு ஒன்றும் உண்டு: சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கிடையாது. கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடும் எடுக்கச் சொல்வார்கள். அந்தப் படிவத்தில் நோயை மறைத்தால், பிறகு இழப்பீடு மறுக்கப்படலாம்.

யார் ஓட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. பேக்ளிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகளால் பாதம் மரத்துப்போகலாம். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போகும். வாந்தியைத் தடுக்கும் சில மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும். பிறருக்கு ஆபத்தாகும் உடல்நிலை என்று தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவின்படி குற்றம். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கார் ஏற்கெனவே இருந்து, ஓட்ட வீட்டில் ஆளும் இருந்தால் பதறி விற்க வேண்டாம். ஆர்.சி.யில் வாரிசுதாரரை நியமிக்க 2021 முதல் வழி இருக்கிறது, அதைச் செய்துவையுங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பேசத் தயங்கும் விஷயம்தான், ஆனால் பின்னால் குடும்பத்தின் அலைச்சல் குறையும்.

கார் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் நள்ளிரவுக் காய்ச்சல். கீமோ காலத்தில் 100.4 டிகிரியைத் தொட்டாலே உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு 108 இலவசமாக வரும். பக்கத்துத் தெரு டாக்சி ஓட்டுநரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர் எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ ரயிலில் போனால் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் நோயாளிக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் உரிய படிவத்தில் சான்று வாங்கி ரயில் நிலைய முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும். யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்டு வாங்குங்கள்.