பாலாற்றங்கரையில் உப்புப் பூத்த வயல்கள்

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வழியாக ராணிப்பேட்டை வரை, பாலாற்றை ஒட்டிய பல கிராமங்களில் கோடையில் வயலில் இறங்கினால் மண்மேல் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் பயனில்லை. இறைத்துப் பாய்ச்சினால் இலை நுனி கருகுகிறது.

காரணம், இங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளான டேனரிகளின் கழிவு. டேனரிக் கழிவு என்றதும் எல்லோரும் குரோமியத்தைச் சொல்வார்கள். அது ஆபத்தானதுதான். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்தது. ஆனால் வயலை முதலில் சாகடிப்பது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அள்ளித் தடவும் உப்பு, தோலை ஊறவைத்துக் கழுவும்போது அப்படியே கழிவுநீரில் இறங்கிவிடும். ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டுகள் விடப்பட்ட அந்த நீர், மணல் வழியே கிணறுகளுக்குள் கசிந்து, பாசனத்தோடு வயலுக்கு வந்து சேர்ந்தது. உப்பேறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சோடியமோ களிமண்ணின் கட்டுமானத்தையே குலைக்கிறது. நனைந்தால் குழைகிற மண், காய்ந்தால் பாறையாக இறுகுகிறது. மழைநீர்கூட உள்ளே இறங்குவதில்லை.

ஆவாரம்பட்டை போட்டு வாரக்கணக்கில் பதனிட்ட காலத்திலும் உப்பு உண்டு. 1970-களில் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியபின், ஓரிரு நாளில் வேலை முடியும் குரோம் முறை வேகமாகப் பரவியது. தோல் பெருகியது, கழிவும் பெருகியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னதை அத்தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் சட்டத்தில் வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

இழப்பீடு வந்தது, மண் மீளவில்லை. களர் நிலத்தைத் திருத்த வழி இருக்கிறது: ஜிப்சம் இட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டை வளர்த்து மடக்கி உழவேண்டும். பெரும்பாலான நாள் வறண்டுகிடக்கும் ஆற்றின் கரையில், கிணறும் உப்பாகிப்போன விவசாயி அந்த நல்ல தண்ணீருக்கு எங்கே போவார்?

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேசியது. சூழல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றது. அப்படியானால் கணக்கைப் பணத்தில் மட்டும் முடிக்கக் கூடாது. எந்தக் கிராமத்தில் எத்தனை ஏக்கர் மீண்டது என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.