அண்ணனுக்கு மனச்சிதைவு, தம்பிக்கும் ஞாபகம் தடுமாறுவது ஏன்?

உப்பு, புளி, சீரகம் என்று தாய் சொல்லியனுப்பிய மூன்றில் இரண்டை வாசற்படி தாண்டுமுன் அண்ணன் மறந்துவிடுவதும் (இதைச் சோம்பல் என்று ஏசும் வீடுகளை எண்ணினால் நெஞ்சம் நோகிறது), நோயே இல்லாத தம்பியிடமும் அத்தடுமாற்றம் லேசாகத் தென்படுவதும் எதனால்?

களையெடுப்பவரை நினைத்துப் பாருங்கள். மூளையிலும் நரம்பணுக்களுக்கிடையே வேண்டாத இணைப்புகளைக் களையும் காவலணுக்கள் உண்டு. உடலில் அழற்சி மூண்டு, அதன் இரசாயனத் தூதுகள் இரத்தத்தின் வழியே அவற்றை உசுப்பும்போது, களையோடு பயிரையும், அதாவது ஞாபகத்துக்கு வேண்டிய இணைப்புகளையும், அவை பிடுங்கிவிடக்கூடும் என்பது ஆராய்ச்சியாளர் அனுமானம். களைய வேண்டிய இணைப்புக்கு அடையாளமிடும் புரதத்தை மிகுவிக்கும் சி4 மரபணு வடிவங்கள், மனச்சிதைவின் அபாயத்தைச் சற்றே உயர்த்துவதாக 2016-இல் கண்டார்கள்.

உடன்பிறந்தார் சராசரியாகப் பாதி மரபணுக்களைப் பகிர்ந்துகொள்பவர்கள் அல்லவா? ஆகவே, நோயாளியின் உடன்பிறந்தாரில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு நோய் வராமலே போனாலும், ஞாபகசக்தியில் மட்டும் அந்த மரபணுக்களின் சுவடு மெல்லியதாகப் பதிந்திருக்கலாம்.